எஃப் செவன் அமுக்குனாப் போதும்

அதில்லீங்க. அந்தப் பட்டன் இல்லீங்க, அதுக்குக் கீழ சின்னதா ஒண்ணு இருக்குது பாருங்க. அட, அது இல்லீங்க சார். போனை இங்க குடுங்க, நான் பண்ணித் தாறேன்... அவ்வளவுதான். இந்தாங்க, பழனியிலிருந்து திரும்பறதுக்கு உங்க டிக்கெட் வந்திருச்சு. என்னது? சன்னல் சீட்டு வேணுமா? அதை மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க. போகட்டும் விடுங்க, அந்த நேரத்துக்கு வெயிலு மூஞ்சியில அடிக்கும். இதுவே நல்ல சீட்டுதான்.

கோவிச்சுக்காதீங்க சார். பக்கத்துல ஒருத்தர் ஸ்கிரீனைப் பார்த்து முழிச்சுட்டு உக்காந்திருந்தா என்னால சும்மா இருக்க முடியாதுங்க, கை பரபரங்கும். என்ற தொழிலே அதுதானுங்க. லோகநாதனுங்க என்ற பேரு. ஈரோட்டுல சாஃப்ட்வேரு பண்ணிட்டிருக்கறேன். பண்ணிட்டிருக்கறேன்னு வாய்தான் சொல்லுது. போன வெள்ளிக்கிழமையோட அதுக்கும் வேட்டு வெச்சாச்சு.

வேட்டு வெச்சது யாருன்னு கேளுங்க. கேளுங்க சார். வெளியாளா இருந்தா, எவனோ வயித்தெரிச்சல்ல பண்ணிப்போட்டான்னு தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். என்ற பொண்டாட்டிங்க. சொந்தப் பொண்டாட்டி. அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல மாம்பழக் கலர் சேலை கட்டிட்டு வெளிய பார்த்துட்டிருக்கறா பாருங்க, அவதான். கோகிலவாணி. பழனியில எங்க பங்காளி ஊட்டுக் காதுகுத்து, அதுக்குத்தான் போயிட்டிருக்கறோம். ஈரோட்டுல ஏறும்போது பஸ் காலியாத்தான் கெடந்துச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரலாம்னேன். 'நீங்க பின்னால காத்தாட உக்காருங்க, எனக்குத் தலை வலிக்குது'ன்னுட்டா. பக்கத்துல பையைத் தூக்கி வெச்சுட்டா. சரி, தலைவலிக்காரிகிட்ட என்னத்தைப் பேசறதுன்னு வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன்.

அவ காதுல உழுந்தா உழுகட்டுமுங்க. நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்?

எங்க ஊர்ல ஒரு கண் ஆஸ்பத்திரி. பேரு எதுக்கு விடுங்க. அங்க கவுண்டர்ல ஓடிட்டிருந்தது என்ற சாஃப்ட்வேருங்க. நோயாளி வந்தா பேரு பதியோணும், டோக்கன் போடோணும், எந்த டாக்டருக்கு அனுப்பறதுன்னு குறிக்கோணும், கண்ணுல மருந்து உட்டாச்சா இல்லையான்னு பார்க்கோணும். அத்தனையும் நான் ஒருத்தனே உக்காந்து எழுதுனது. அதுக்கு என்ன பேரு வெச்சேன் தெரியுங்களா? 'கோகிலம்'. பொண்டாட்டி பேருல சாஃப்ட்வேரு எழுதுனவன் இந்த ஜில்லாவுல எத்தனை பேரு இருப்பானுங்க? அவளே அந்தக் கவுண்டர்லதான் வேலை பார்க்கறா, இப்ப அங்க அவதான் சீனியரு. தன்னோட பேரு போட்ட ஸ்கிரீனுக்கு முன்னால தானே உக்காந்திருக்கறா. கேக்கறவங்களுக்குப் பொறாமையா இருக்கும்.

முந்தி எனக்கு இன்னும் நெறையப் பேரு இருந்தாங்க சார். எண்ணெய் மில்லுக்காரர், துணிக்கடைக்காரர், ஒரு லாரி ஆபீசு. ஒவ்வொருத்தரா வேற சாஃப்ட்வேருக்குப் போயிட்டாங்க. போறவங்களைக் கட்டியா வெக்க முடியும்? கடைசியில இந்த ஆஸ்பத்திரி ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா என்ற சாஃப்ட்வேரு ஓடற கம்ப்யூட்டரு ஒலகத்துலயே கெடையாது. இந்த வயசுல நான் போயி எவங்கிட்டீங்க வேலைக்கு நிக்கறது? இது அவளுக்கும் தெரியாம இல்லை. நல்லாவே தெரியும்.

சாஃப்ட்வேருல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. மவுசையே தொட வேண்டியதில்லை. எஃப் டூ அமுக்குனாப் புது நோயாளி. எஃப் ஃபைவ் அமுக்குனா அடுத்த பக்கம். எஃப் செவன் அமுக்குனா எல்லாம் சேவ் ஆயிரும். எஃப் நைன் அமுக்குனா எல்லாம் அழிஞ்சிரும், அதை அமுக்கக் கூடாது. அவ்வளவுதான். மண்டையில ஏத்திக்கிட்டா மின்னலாட்ட வேலை நடக்கும். நான் அமுக்கிக் காட்டுனா டாக்டரம்மாவே வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க.

ஆனா கவுண்டருக்கு வர்ற புள்ளைகளுக்கு அது ஏறவே ஏறாதுங்க. ஒண்ணு எஃப் நைனை அமுக்கிப்போட்டு 'ஐயோ'ங்கும். இன்னொண்ணு திரும்பிப் போறேன்னு எஸ்கேப்பைத் தட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முழிக்கும். அதுக்குள்ள கூட்டம் வாசப்படி வரைக்கும் வந்திரும். கண்ணுல மருந்து உட்டுட்டு உக்காந்திருக்கற பெருசுக 'இன்னும் எத்தனை நேரமாகும் சாமி'ன்னு சத்தம் போடும். அந்தப் புள்ளைக கொஞ்ச நாள் அழுதுட்டு வேலையை உட்டுட்டுப் போயிரும். அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? எந்தப் பட்டன் எதுக்குன்னு ஸ்கிரீனுக்கு அடியிலயே எழுதிப் போட்டிருக்கறேன். எழுத்து கொஞ்சம் பொடிசுதான். கண் ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு எழுத்துத் தெரியலைன்னா யாரு குத்தம்?

ஐப்பசி மாசம் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. 'லோகநாதன், கவுண்டர்ல ஒரு ஆளும் நிலைக்க மாட்டேங்கறாங்க. சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து அவங்களோடதைக் காட்டிட்டுப் போயிருக்காங்க. பழகுன மனுசன்னு உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தர்றேன். பார்த்த உடனே புரியற மாதிரி ஸ்கிரீனை மாத்துங்க. எப்படின்னு தெரியலைன்னா போய்க் கத்துக்கங்க. தைக்குள்ள ரெண்டையும் வெச்சுப் பார்த்து முடிவு பண்ணிடலாம்'னாங்க. கத்துக்கங்கன்னுட்டாங்க சார்! எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. அந்தம்மா எம்.பி.பி.எஸ். படிச்சிட்டிருந்த காலத்துல நான் கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்தவன். ஆனா என்ன பண்றது, மிச்சமிருக்கறது ஒண்ணு. போயிச் சேர்ந்தேன்.

பெருந்துறை ரோட்டுல ஒரு செல்போன் கடைக்கு மாடியில அந்த வகுப்பு. ஸ்கிரீன் டிசைன் வகுப்பாம். அத்தனையும் மீசை மொளைக்காத பசங்க, நடுவால நான் ஒருத்தன். சொல்லிக் குடுக்கறது ஆபிதான்னு ஒரு புள்ளை. என்ற மக வயசுதான் இருக்கும். நல்ல புள்ளைதான், மரியாதையா 'சார்'னுதான் கூப்பிடும். ஆனா என்னமோ ஒண்ணு, நான் வாயைத் திறந்தாலே தண்ணி பாட்டலை எடுத்துக்கும்.

மொத நாளே என்ன கேட்டுது தெரியுங்களா? 'உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு எந்த சுவிட்சு ஃபேனுக்கு, எந்த சுவிட்சு லைட்டுக்குன்னு தெரியுமா?'ன்னு கேட்டுது. இதுல என்ன இருக்குதுன்னேன். ஒரம்பரை வந்தா நான் சொல்லித் தர்றேன்னேன். 'நீங்க பக்கத்துல இல்லாதப்ப என்ன பண்ணுவாங்க சார்?'னு கேட்டுது. என்ற ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்கறப்ப நான் எதுக்கு இல்லாமப் போகோணும்? அந்தப் புள்ளை தண்ணி குடிச்சுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிருச்சு.

இன்னொரு நாளு ஒரு கூத்துங்க. நம்ம சாஃப்ட்வேரு தப்பு வந்தா என்ன சொல்லுதுன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. அதைப் பக்கத்துல உக்காந்திருக்கறவன் மூஞ்சியைப் பார்த்து, ஆளுகிட்டப் பேசறாப்புல சத்தமாப் படிக்கோணுமாம். எனக்குப் பக்கத்துல ஒல்லியா ஒரு பையன். நான் படிச்சேன். 'தவறு. சரியாகப் பதியவும்.' பையன் சிரிப்பை அடக்கறான். 'தவறு. முன்பே சொல்லப்பட்டது.' இது ரெண்டாவது தடவை அதே தப்பைப் பண்ணுனா வர்றதுங்க, அதுக்குன்னு தனியா எழுதுனேன். சும்மா இல்லை, எத்தனாவது தடவைன்னு சாஃப்ட்வேரு எண்ணி வெச்சிருக்கோணுமே. அந்தப் பையன் 'எங்க பி.டி. சார் மாதிரியே இருக்குது'ன்னு சொல்லிப்போட்டான், வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. தப்பைத் தப்புன்னு சொல்லாம வேற எப்பிடீங்க சொல்றது? வெத்தலை பாக்கு வெச்சா சொல்ல முடியும்?

ஊட்டுக்கு வந்து இவகிட்டச் சொல்லிப் பொலம்புனேன். அவரைக்காய் அரிஞ்சிட்டிருந்தா. நிமிந்துகூடப் பார்க்கலை. 'அது தெனம் ஊட்டுல கேக்கறதுதானுங்களே'ன்னா. அதான் நானும் சொல்றேன், ஊட்டுல சாதாரணமாப் பேசறதைத்தானே எழுதியிருக்கறேன், இதுல சிரிக்க என்ன இருக்குது?

அப்பறம் ஒரு வீட்டுப்பாடம் குடுத்தாங்க பாருங்க, அதுலதான் ஆரம்பிச்சுது சனி. நம்ம ஸ்கிரீனை நெசமாலுமே பொழங்கற ஒரு ஆளைப் புடிச்சு உக்கார வெக்கோணும். ஒரு வேலையைக் குடுக்கோணும். நாம பக்கத்துல உக்காந்து பார்க்கோணும். பார்க்கறது மட்டும்தான். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, அவங்க தப்பான பட்டனை அமுக்குனாக்கூட 'ஆ'ங்கக் கூடாது. எங்க திணறுறாங்கன்னு குறிச்சுக்கிட்டு வரோணும். இதென்ன சார் படிப்பு? ஒருத்தன் கெணத்துல உழுகறதை மேட்டுல உக்காந்து வேடிக்கை பார்க்கறாப்புல. ஆபிதாகிட்டக் கேட்டேன். 'நீங்க எழுதுன சாஃப்ட்வேரு போற இடத்துக்கெல்லாம் கூடவே நீங்களும் போகப்போறீங்களா சார்?'னு கேக்குது.

சரி, ஆளைத் தேடி எங்க போறது, ஊட்லயே ஒருத்தி இருக்கறாளே. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசை மேல லேப்டாப்பை வெச்சு இவளை உக்கார வெச்சேன். ஆபிதா எழுதிக் குடுத்த வேலை இதுதான். மாராத்தாள்னு ஒரு நோயாளி வர்றாங்க. பேரு, போன் நம்பரு பதியறீங்க. டாக்டரைப் போடற பக்கத்துக்குப் போன பொறகு, 'நம்பரைத் தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு'ங்கறாங்க. அதைத் திருத்தோணும். கண்ணை மூடிட்டுப் பண்ற வேலை.

இவ உக்காந்த உடனே சுத்தி முத்தித் தேடறா. 'பேனா எங்கீங்க?'ன்னா.

'கம்ப்யூட்டருக்குப் பேனா எதுக்கு?'ன்னேன்.

'வேணுமுங்க.'

எடுத்துக் குடுத்தேன். வேலை ஆரம்பிக்கலை, அதனால அதெல்லாம் பேசுன கணக்குல வராது. இவ பேரை அடிச்சா, நம்பரை அடிச்சா. எஃப் ஃபைவ் அமுக்கறதுக்கு முன்னால எடது கையை விரிச்சு உள்ளங்கையில 'மாராத்தாள்'னு எழுதறா சார். கீழ டோக்கன் நம்பரு.

எனக்கு வாய் நிக்குமா? 'என்ன கருமம் அது, கையில?'ன்னேன்.

'அடுத்த பக்கம் போயிட்டா பேரு தெரியாதுங்க. கூட்டத்துல யாருக்குப் போட்டுட்டிருக்கறோம்னு மறந்துபோயிரும். திரும்பிப் பார்க்கலாம்னு போனா எல்லாம் அழிஞ்சிரும். அதுக்குத்தான்.'

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா சார், கோகிலம் போட்ட நாள்லேருந்து இவ தெனமும் கையில இங்க்கோடத்தான் ஊட்டுக்கு வருவா. சோத்துக்கு உக்கார்றதுக்கு முன்னால குழாயடியில நின்னு தேச்சுத் தேச்சுக் கழுவுவா. விசேசத்துக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்தாலும் உள்ளங்கையில நீலம் தெரியும். 'பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டக் கிறுக்கிட்டு வர்றே, பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க'ன்னு நானும் எத்தனையோ தடவை வைஞ்சிருக்கறேன். அது என்ற ஸ்கிரீனாலதான்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமுங்களா?

'ஏம்மிணி, இத்தனை நாளா இதைச் சொல்லலை?'ன்னு கேட்டேன்.

'சொன்னேனுங்க. போட்ட வாரமே சொன்னேன். ஞாபக சக்தி இருக்கோணும்னீங்க.'

நான் அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லீங்க.

அப்பறம் நம்பரைத் திருத்தப் போனா. போனவ எஸ்கேப் பக்கத்துல வெரலைக் கொண்டுட்டுப் போறா. அமுக்குனாப் போச்சு, மாராத்தா பாடு அம்போ. என்ற கை தானாப் போயிருச்சுங்க. லேப்டாப்பை என்ற பக்கம் இழுத்து, நாலு தட்டு, நம்பரைத் திருத்தி, எஃப் செவன் அமுக்கி முடிச்சுட்டேன். இவ ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டு என்னையப் பார்த்துட்டே இருந்தா. 'பாரு, எத்தனை சுளுவு'ன்னேன். 'ஆமாங்க'ன்னா. வேலை நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தேன். ஆபிதா அதைப் படிச்சுட்டு, 'முடிச்சது யாரு சார்?'னு கேட்டுது. யாரு முடிச்சா என்னங்க, முடிஞ்சுதா இல்லையா?

ஆனா ஒண்ணு சொல்லோணும், அந்தக் கை விசயத்தை நான் சும்மா உடலை. வெய்யலு மழை பார்க்காம உக்காந்து கோகிலத்தை இழைச்சு இழைச்சு மாத்துனேன். பட்டனுக்கெல்லாம் முனையை உருட்டுனேன். கலரைப் பச்சையாக்குனேன், கண்ணுக்குக் குளிர்ச்சி. 'தவறு'ங்கறதை எடுத்துட்டு 'மன்னிக்கவும், தாங்கள் செய்தது தவறு'ன்னு போட்டேன், மரியாதையா இருக்கட்டும்னு. கையில எழுதறதுக்கு ஒரு முடிவு கட்டோணும்னு, ஸ்கிரீன் மூலையில மஞ்சளா ஒரு பெட்டி வெச்சேன். எஃப் லெவன் அமுக்குனாத் தொறக்கும். அதுக்குள்ள பேரை எழுதி வெச்சுக்கலாம். கைக்கு இனி வேலையே இல்லை பாருங்க.

ஆபிதாகிட்டக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்துச்சு. 'சார், அந்தப் பேரையே எல்லாப் பக்கத்துலயும் மேல காட்டிடலாமே?'ன்னுது. அப்பிடிக் காட்டுனா என்ற டிசைன் கெட்டுப்போயிரும்னேன். பாட்டல்ல இருந்த தண்ணி அத்தனையும் குடிச்சு முடிச்சுருச்சு.

இவகிட்டயும் காட்டுனேன், கோகிலாகிட்ட. 'நல்லா இருக்குதா?'ன்னு நான் கேக்கலை, நல்லா இருக்குதுன்னு எனக்கே தெரியும். 'இனிமே கையைக் கழுவ வேண்டாம்'னேன். அவளுக்குச் சந்தோசத்துல வாயடைச்சுப்போச்சுன்னு நெனைச்சேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்துச்சு. கவுண்டர்ல ரெண்டு கம்ப்யூட்டரு. ஒண்ணுல சென்னைக் கம்பெனியோடது, இன்னொண்ணுல என்ற கோகிலம். பவானிப் பக்கத்துலயிருந்து தாரணின்னு ஒரு புள்ளை அன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருந்துச்சு. 'ரெண்டுமே தெரியாத புள்ளை, இது ரெண்டுலயும் ஒரு நோயாளியைப் பதியட்டும். எழுதுனவங்க பின்னால நில்லுங்க. யாரும் பேசக் கூடாது'ன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆபிதாவும் இவங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க போல.

மொதல்ல சென்னைக்காரனோடது. அதுல என்ன இருக்குதுங்கறீங்க? ஒண்ணுமே இல்லை. வெள்ளை வெளேர்னு கெடக்குது. எழுத்து ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. நோயாளி பேரு மேலயே நிக்குது, எந்தப் பக்கம் போனாலும் கூடவே வருது, நாயாட்ட. அந்தப் புள்ளை நடுவால எதையோ தப்பா அமுக்குச்சு. 'பரவாயில்லை, நீங்கள் பதிந்தது அப்படியே இருக்கிறது'ன்னு வந்துச்சு. பரவாயில்லையாம்! தப்புப் பண்ணுனவளைப் பார்த்துப் பரவாயில்லைன்னு சொன்னா அவ எப்ப சார் திருந்தறது? அந்தச் சென்னைக்காரன் செவுத்துல சாஞ்சு டீ குடிச்சுட்டு நிக்கறான். வாயில கொழுக்கட்டை. தன்ற சரக்கு மேல அக்கறை இருக்கறவன் அப்பிடி நிப்பானுங்களா? புள்ளை முடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருச்சு.

அடுத்தது என்றது. எனக்கு எல்லாமே அந்த ஒரு ஸ்கிரீன்லதானே இருக்குது. புள்ளை உக்காந்துச்சு. பார்க்குது, பார்க்குது, பார்த்துட்டே இருக்குது. கீழ எழுதியிருக்கறதைப் படிச்சாப் போதும். படிக்கலை. மவுசை எடுத்து எங்கெங்கயோ அமுக்குச்சு. 'மன்னிக்கவும், தாங்கள் செய்தது தவறு.' மறுக்கா அமுக்குச்சு. 'தவறு. முன்பே சொல்லப்பட்டது.' அதை மாத்த மறந்துபோயிட்டேன் சார், என்ற கெரகம். புள்ளை திரும்பி என்ற மூஞ்சியைப் பார்க்குது.

'எஃப் டூ அமுக்கும்மா'ன்னேன்.

'லோகநாதன்.' டாக்டரம்மா.

'சொல்லித் தரலீங்க மேடம், சும்மா ஞாபகப்படுத்துனேன்.'

பேரு பதிஞ்சுது. அடுத்த பக்கம் போச்சு. எல்லாம் முடிஞ்சுது சார், ஒரே ஒரு சேவ்தான் பாக்கி. எஃப் செவன் அமுக்குனாப் போதும். கரை ஏறிரலாம். அந்தப் புள்ளை வெரலு நேரா எஃப் நைனுக்குப் போகுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? 'எஃப் செவன், எஃப் செவன்! அதில்லைம்மா, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?'ன்னு பின்னாலயிருந்து எக்கிக் கையை நீட்டிட்டேன். புள்ளை வெடுக்குனு ரெண்டு கையையும் எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிச்சு. கண்ணு கலங்கிருச்சு. நான் என்ன அடிக்கவா போனேன்? அதுக்கு நல்லது பண்ணத்தானே கையை நீட்டுனேன்.

அப்பத்தான் இவ வந்தா. அடுத்த கவுண்டர்ல ஆளைப் பார்த்துட்டிருந்தவ, எந்திரிச்சு வந்து எனக்கும் அந்தப் புள்ளைக்கும் நடுவால நின்னுக்கிட்டா. அந்தப் புள்ளை தோள்ல கையை வெச்சா. 'நீ எந்திரி கண்ணு, போயித் தண்ணி குடி'ன்னா.

எனக்கு உசுரு வந்துச்சு சார். சரி, ஊட்டுக்காரி வந்துட்டா, அவ உக்காந்து தட்டுனா மின்னலாட்ட முடிஞ்சிரும், நம்ம கோகிலம் பொழைச்சுக்கும்னு நெனைச்சேன். டாக்டரம்மாவும் அவளைத்தான் பார்த்தாங்க. 'கோகிலா, இத்தனை வருசமா நீதான் இதைப் பொழங்கறே. உங்கிட்ட நான் கேட்டதே இல்லை. நீ சொல்லு. உனக்கு இது கஷ்டமா இருக்கா?'ன்னாங்க.

இவ என்னையப் பார்க்கலை. ஸ்கிரீனையும் பார்க்கலை. அந்தப் புள்ளை போன பக்கமே பார்த்துட்டிருந்தா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். தலையை ஆட்டுனாக்கூடப் போதும். என்ற பொழப்பு அவ வாயில நிக்குது.

'எனக்குப் பழகிப்போச்சுங்க மேடம்'னா. 'எங்க தொட்டா எங்க கோவிச்சுக்கும்னு தெரியும். பார்த்து ஒதுங்கிப் போயிருவேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. இந்தப் புள்ளைக்கு அது பழக வேண்டாமுங்க.'

அவ்வளவுதான். டாக்டரம்மா 'சரிம்மா'ன்னாங்க. சென்னைக்காரன் டீ கிளாஸைக் கீழ வெச்சான். திங்கக்கெழமை கோகிலத்தைக் கழட்டிட்டாங்க.

கம்ப்யூட்டரு கோவிச்சுக்குமா சார்? நீங்க படிச்சவங்களாட்டத் தெரியறீங்க, சொல்லுங்க. மெசினுக்கு ஏது கோவம்? நான் அந்த நாளையிலிருந்து கேட்டுட்டே இருக்கறேன். சோத்துக்கு உக்காந்தாக் கேக்கறேன், டிவி பார்க்கறப்பக் கேக்கறேன். ஏன் அப்பிடிச் சொன்னே, எது கோவிச்சுக்குது, எந்த ஸ்கிரீன்லன்னு கேக்கறேன். 'ம்'ங்கறா. ஊட்ல பேச்சுவார்த்தையே இல்லைன்னு நெனைச்சுக்காதீங்க, நான் பேசிட்டுத்தான் இருக்கறேன்.

எனக்குப் புரியாதது அது ஒண்ணுதானுங்க. பழகிப்போச்சுன்னு அவளே வாயைத் தொறந்து சொல்றா. கஷ்டமில்லைங்கறா. அப்பறம் என்னங்க குறை? இத்தனை வருசம் பழகிப்போன பொறகு ஒருத்திக்கு வேற என்னதான் சார் வேணும்? நீங்களே சொல்லுங்க... இல்லை, இருங்க இருங்க. நான் மொதல்ல சொல்லி முடிச்சுக்கறேன்.